பொதிகளும் அவற்றின் சார்புகளும்

கணினியைப் பாவிப்போரிற் பலர், அதனுள்ளே எத்தனை நிரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன என்பதை அறியார். கடிதம் எழுதுதற்கு உதவும் ஒரு நிரல் தனித்து இயங்குவதன்று. எழுத்துகளைத் திரையில் வரைதற்கு ஒரு நிரலகம், அச்சுப்பொறியோடு தொடர்புகொள்ளுதற்கு மற்றொன்று, கோப்புகளைச் சுருக்கி வைத்தற்கு வேறொன்று என்றிவ்வாறு பிறர் எழுதிவைத்த துணைநிரல்களின் தோளிலேயே அது ஏறி நிற்கின்றது. அத்துணைநிரல்களும் தத்தமக்குரிய வேறு துணைகளை நாடுவன. ஒன்று இல்லையேல் மற்றொன்று இயங்காது. இருந்தும் பழைய பதிப்பாயின் அதுவும் பயன்படாது. இத்தொடர்பினையே சார்பு என வழங்குவர். இச்சார்புகளைத் தேடிக் கூட்டித் தருதல் யாருடைய கடமை என்னும் வினா, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பேணுவோரிடையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பையும் பிணக்கையும் ஒருங்கே விளைவித்து வந்துள்ளது.

லினக்ஸின் தோற்றம் நேயர்களிற் சிலர் அறிந்ததே. 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவர் எழுதியது கரு மாத்திரமே. அக்கருவைச் சூழவேண்டிய தொகுப்பி, கட்டளை வாங்கி முதலிய கருவிகளை, 1983 இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனு என்னும் திட்டத்தார் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்தனர். மற்றுமுள்ள நிரல்களோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்வேறு பல்கலைக்கழகங்களிற் சிதறிக் கிடந்தன. வணிக நிறுவனங்களின் இயங்குதளங்களை ஒரே உரிமையாளர் கட்டி முடித்து விற்பர். லினக்ஸுக்கு அத்தகைய உரிமையாளர் எவரும் இலர். ஆகவே சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு இசைத்து, நெகிழ்வட்டுகளில் நிரப்பிக் கொடுக்கும் தொண்டினைச் சிலர் மேற்கொண்டனர். அவ்வாறு திரட்டப்பட்டவையே வழங்கல்கள் எனப்படுவன.

முதன்முதல் எழுந்த வழங்கல்களுள் 1992 இல் பீற்றர் மக்டொனால்ட் என்பவர் தொகுத்தது பரவலாகப் பயன்பட்டது; எனினும் பிழை மலிந்தது. அதனைத் திருத்தும் முயற்சியிலிருந்து 1993 யூலை மாதத்தில் பற்றிக் வோல்கேடிங்கின் ஸ்லக்வெயார் பிறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 16 ஆந் திகதி, இந்தியானா மாநிலத்துப் பேர்டூப் பல்கலைக்கழகத்தில் இருபது வயது மாணவராயிருந்த இயன் மேடொக், டெபியன் என்னும் புதிய வழங்கலைத் தொடங்கப்போவதாக அறிவித்தார். தம் பெயரோடு தம் காதலி டெப்ராவின் பெயரையும் கூட்டி அப்பெயரைப் படைத்தார் என்பர். 1994 இல் மார்க் யூவிங் என்பவர் றெட் ஹற் வழங்கலை வெளியிட்டார். இம்மூன்று வழங்கல்களும் சார்பு என்னும் ஒரே சிக்கலுக்கு மூன்று வேறு விடைகள் கூறின.

ஸ்லக்வெயாரின் விடை மிக எளியது. நிரலைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி, அதனை அவிழ்த்து உரிய இடங்களில் வைக்கும் ஒரு சிறு கருவி, அவ்வளவே. அப்பொதிக்கு வேறெந்தப் பொதி துணையாக வேண்டும் என்பதைக் கருவி கேளாது. அதனை அறிந்து கொணர்தல் பாவனையாளரின் பொறுப்பு. அக்காலத்தில் லினக்ஸைப் பாவித்தோர் பெரும்பாலும் நிரலெழுத வல்லவராதலின், இது பெருங்குறையாகத் தோன்றவில்லை.

டெபியன் வேறு வழியிற் சென்றது. அதனைத் தனியொருவர் தொகுப்பதில்லை. உலகின் பல பாகங்களிலுமுள்ள தொண்டர்கள் ஆளுக்குச் சில பொதிகளாகப் பகிர்ந்து பராமரிப்பர் என்பது மேடொக்கின் கருத்து. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பலர் தனித்தனியே ஆக்கிய பொதிகள் ஓரிடத்தில் வந்து கூடும்போது இசைந்து நிற்கவேண்டுமாயின், ஒவ்வொரு பொதியும் தன் தேவைகளைத் தானே எடுத்துரைத்தல் வேண்டும் அன்றோ? இவ்வாறு, ஒன்றுகூடி உழைக்கும் முறையிலிருந்தே சார்புகளை எழுதிவைக்கும் முறை பிறந்தது. அதற்கென எழுந்த டிபிகேஜி என்னும் கருவி முதலில் எளிய கட்டளைத் தொகுதியாகவும், பின்னர் பேர்ள் மொழியிலும் எழுதப்பட்டு, 1994 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் ஜக்சனாற் சீ மொழியிற் புதிதாக ஆக்கப்பட்டது.

டெபியன் பொதி ஒன்றினைத் திறந்து பார்ப்பின் உள்ளே ஒரு சிறு பட்டயம் காணப்படும். இது இன்றி இயங்கேன் என ஒரு வரி. இது இருப்பின் நன்று என ஒரு வரி. வேண்டுமாயின் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என ஒரு வரி. இன்ன பொதியோடு ஒரே கணினியில் இரேன் என மற்றொரு வரி. யாவற்றினும் நுட்பமானது பதிலி என்னும் கருத்து. அஞ்சல் அனுப்பும் வல்லமை தேவைப்படும் நிரல், அதனைச் செய்யும் நிரல் இன்னதென்று பெயர் சுட்டாமல், ‘அஞ்சல் அனுப்புவது ஏதேனும் ஒன்று’ எனக் கேட்கலாம். எக்சிம், போஸ்ட்பிக்ஸ், சென்ட்மெயில் ஆகிய எதுவும் அத்தேவையை நிறைவேற்றும். திருமண ஓலையில் மணமக்களின் குலமும் கோத்திரமும் வரைவதுபோல, பொதியின் உறவும் பகையும் இங்கே முறையாக வரையப்பட்டன.

றெட் ஹற் நிறுவனத்தில் மார்க் யூவிங்கும் எரிக் ட்ரோனும் ஆக்கிய ஆர்பிஎம் என்னும் கருவி 1995 இல் வெளிவந்தது. அதுவும் சார்புகளைப் பதிவுசெய்தது. ஆனால் பதிவுசெய்யும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. டெபியன் பொதி மற்றொரு பொதியின் பெயரைச் சொல்லிக் கேட்கும். ஆர்பிஎம் பொதியோ நிரலகக் கோப்பின் பெயரையே சுட்டி, அதனை எப்பொதி தரினும் ஏற்றுக்கொள்ளும். சில வேளைகளில் இன்ன பாதையில் இன்ன கோப்பு இருத்தல் வேண்டும் என்றுங் கேட்கும். ஆழ்ந்து நோக்குவார்க்கு ஆர்பிஎம் முறையே நுண்ணியதெனத் தோன்றும். பெயரை நம்பாமற் பொருளை நம்புகின்றது என்பதனால். எனினும் இரு முறைகளும் அன்று ஒரே எல்லையில் நின்றுவிட்டன. குறை எது என்று சொல்லும். அக்குறையைத் தேடிக் கொணராது.

இதனால் விளைந்த துன்பம் சிறிதன்று. ஒருவர் படம் பார்க்கும் நிரலொன்றை நிறுவ முயல்வார். இன்ன நிரலகம் இல்லை எனக் கருவி மறுக்கும். தொலைபேசி இணைப்பின் வழியே, நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏற, அந்நிரலகத்தைத் தேடிக் கொணர்வார். அது வேறிரண்டு வேண்டுமென்னும். அவ்விரண்டில் ஒன்று, ஏற்கெனவே கணினியிலுள்ள ஒரு நிரலகத்தின் புதிய பதிப்பை வேண்டும். அப்புதிய பதிப்பை ஏற்றினாலோ, பழைய பதிப்பை நம்பியிருக்கும் வேறு ஐந்து நிரல்கள் நின்றுபோம். கருவியின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது வலிந்து நிறுவுதற்கும் ஒரு கட்டளை உண்டு; பொறுமையிழந்தோர் அதனைப் பாவித்துத் தம் கணினியையே பயனற்றதாக்கிக் கொண்டனர். இந்நிலைக்குப் பாவனையாளர் இட்ட பெயர் ‘சார்பு நரகம்’ என்பது.

அந்நாளில் இத்துன்பத்தை மிகுவித்தது அடிப்படை நிரலகத்தின் மாற்றமாகும். சீ மொழியில் எழுதிய எந்நிரலும் நாடி நிற்கும் நிரலகத்தின் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு வழங்கல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. றெட் ஹற் 1997 டிசெம்பர் மாதத்தில் தன் 5.0 பதிப்போடு மாறியது. டெபியன் 1998 யூலை மாதத்தில் 2.0 பதிப்போடு மாறியது. ஒரு வீட்டின் தூண்களை மாற்றிக்கொண்டே அவ்வீட்டிற் குடியிருப்பதற்கு ஒப்பானது இது. இடைப்பட்ட மாதங்களில் ஒரு வழங்கலுக்கென ஆக்கிய நிரல் மற்றதில் இயங்குமோ இயங்காதோ என்பது அதனை ஏற்றிப் பார்த்தே அறியவேண்டியதாயிற்று.

இந்நரகத்திலிருந்து மீளும் வழியை முதலிற் சீர்பெறக் கண்டவர் டெபியன் தொண்டர்களே. 1996 யூன் மாதத்தில் வெளிவந்த 1.1 பதிப்பில் 474 பொதிகள் மாத்திரமே இருந்தன. 1999 மார்ச் மாதத்து 2.1 பதிப்பில் அவை ஏறத்தாழ 2,250 ஆகப் பெருகின. இப்பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க, ஜேசன் கந்தோர்ப் முதலியோர் ஆக்கிய ஏபிரி என்னும் கருவி அப்பதிப்போடு வெளிவந்தது. அது பொதியைப் பாராது, பொதிகளின் களஞ்சியம் முழுவதையும் பார்த்தது. பாவனையாளர் வேண்டும் நிரலின் பெயரை ஒரு முறை சொன்னாற் போதும். அதற்கு வேண்டுவன, அவற்றுக்கு வேண்டுவன என்று தொடர்ந்து கணித்து, யாவற்றையும் வலையமைப்பின் வழியே கொணர்ந்து, எதனை முன்னும் எதனைப் பின்னும் நிறுவவேண்டுமோ அவ்வொழுங்கில் நிறுவி முடிக்கும். இன்று கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி நிரல் பெறுவோர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் அந்நாளில் இது பெரும் புதுமையாக வரவேற்கப்பட்டது.

ஏபிரியின் வெற்றி ஆர்பிஎம் பக்கத்தாரையும் தூண்டியது. பிரேசில் நாட்டின் கொனெக்ரிவா நிறுவனத்தார் 2000 ஆம் ஆண்டளவில் ஏபிரியையே ஆர்பிஎம் பொதிகளோடு இயங்குமாறு திருத்தினர். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் துறையின் கணினிகளைப் பேணிவந்த சேத் வைடல், வேறொரு வழங்கலுக்கென எழுந்த இற்றைப்படுத்தும் கருவியைத் திருத்தி யம் என்னும் கருவியை ஆக்கினார். அது 2003 இல் பெடோரா வழங்கலின் முதற் பதிப்பிலும், 2007 இல் றெட் ஹற் நிறுவனத்தின் வணிகப் பதிப்பிலும் இடம்பெற்றது. ஒரு துறையின் கணினிகளைச் சீராக வைத்திருக்க எழுந்த கருவி, பல நாடுகளின் வங்கிகளையும் ஆய்வுகூடங்களையும் தாங்கும் கருவியாயிற்று. வைடல் 2013 யூலை மாதத்தில் துவிச்சக்கரவண்டியிற் செல்லும்போது விபத்தில் இறந்தார்.

இவ்வாறு ஒவ்வொரு வழங்கலின் மதிலுக்குள்ளும் சார்புச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. மதிலைக் கடந்து செல்வதே அரிதாயிருந்தது. இதற்குப் பெயரே முதற் காரணம். சுக்கு என்றால் ஓரூரார்க்கு விளங்கும். அதனையே வேர்க்கொம்பு என்று கேட்டால்தான் மற்றோரூரார் எடுத்துத் தருவர். அதுபோலவே, வலைத்தளங்களை வழங்கும் அப்பாச்சி நிரல் டெபியனில் அப்பாச்சி2 என்றும், றெட் ஹற் வழியினவற்றில் எச்ரிரிபிடி என்றும் பெயர் பெறும். நிரலெழுதுவோர்க்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளைக் கொண்ட பொதிகளுக்கு ஒரு பக்கத்தார் டெவ் என்றும் மறு பக்கத்தார் டெவெல் என்றும் ஈறு சேர்ப்பர். ஒரு பக்கத்தில் ஒரே பொதியாக இருப்பது மறு பக்கத்தில் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றோடு, பொதி நிறுவப்படும்போது ஓடும் சிறு கட்டளைகளும் அந்தந்த வழங்கலின் வழக்கத்தை அறிந்தே எழுதப்பட்டவை.

ஏலியன் என்னும் கருவி இம்மதிலைத் தாண்ட முயன்றது. கிறிஸ்தோப் லமீற்றர் தொடங்கி, பின் ஜோயி ஹெஸ் பலகாலம் பேணிய அக்கருவி, ஆர்பிஎம் பொதியை டெபியன் பொதியாகவும், டெபியன் பொதியை ஸ்லக்வெயார் பொதியாகவும் மாற்றித் தரும். பெட்டியை மாற்றும் வேலையை அது செம்மையாகச் செய்தது. உள்ளிருக்கும் உறவுகளை மொழிபெயர்க்க அதனால் இயலவில்லை. அடிப்படை நிரலகம் போன்ற இன்றியமையாப் பொதிகளை இதன் வழி மாற்றி நிறுவற்க என அதன் ஆசிரியர்களே எழுதிவைத்தனர். தம் கருவியின் எல்லையை இத்துணை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதன்று.

வழங்கல்களை ஒரே தரத்தின் கீழ்க் கொணர்ந்தால் என்ன என்னும் எண்ணம் 1998 அளவில் வலுப்பெற்றது. லினக்ஸ் தர அடிப்படை என்னும் அத்திட்டத்தின் முதற் பதிப்பு 2001 யூன் மாதத்தில் வெளிவந்தது. எந்நிரலகங்கள் எல்லா வழங்கல்களிலும் இருத்தல் வேண்டும், அவை எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என அது வகுத்தது. பொதி வடிவமாக ஆர்பிஎம்மையே அது தேர்ந்தது. டெபியனார் தம் வடிவத்தைக் கைவிட்டிலர். ஏலியன் கருவியின் துணைகொண்டு தரத்துக்கு இணங்கினர். டெபியனைத் தோற்றுவித்த இயன் மேடொக்கே பின்னாளில் இத்தர முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இத்தரம் 2006 இல் அனைத்துலகத் தர நிறுவனத்தின் ஏற்பையும் பெற்றது.

ஆயினும் அது வேரூன்றவில்லை. தரத்தின் நூல் மிகப் பருத்துவிட்டது. அதனை நம்பி நிரல் விற்க முன்வந்த நிறுவனங்களோ மிகச் சில. தரநூல் ஒரு பதிப்பை வரையறுத்து முடிப்பதற்குள் நிரலகங்கள் வளர்ந்து அப்பாற் சென்றன. 2015 இல் டெபியன் இத்தரத்தைப் பின்பற்றும் முயற்சியைக் கைவிட்டது. தொண்டர்கள் ஒத்துழைக்கவில்லை என்று இதற்குக் காரணங் கூறுவோர் உளர். அது முழு நீதியன்று. மாறிக்கொண்டே இருப்பதனை ஏட்டில் எழுதி நிறுத்தமுடியும் என்று எண்ணியதே முதற் பிழை எனலாம். மேடொக் அவ்வாண்டு டிசெம்பர் 28 ஆந் திகதி, 42 ஆவது வயதில் மறைந்தார்.

இதற்கிடையில் இச்சிக்கல் அறிஞர்களின் கவனத்தையும் ஈர்த்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2004 இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் றொபேட்டோ டி கோஸ்மோவும் அவர்தம் குழுவினரும், ஒரு பொதியைக் களஞ்சியத்திலிருந்து நிறுவமுடியுமா என்னும் வினாவைத் தருக்க வினாவாக மாற்றிக் காட்டினர். ‘இது இருப்பின் அதுவோ மற்றதோ இருத்தல் வேண்டும்’ என்பது ஒரு வகை வாக்கியம்; ‘இதுவும் அதுவும் சேர்ந்திரா’ என்பது மற்றொரு வகை. இவ்வாக்கியங்கள் யாவும் ஒருங்கே மெய்யாகுமாறு பொதிகளைத் தெரிந்தெடுத்தல் கூடுமா? 1971 இல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் குக் ஆராய்ந்த புகழ்பெற்ற சிக்கலும் இதுவே. எல்லாச் சந்தர்ப்பங்களிலும் விரைவாக விடை தரும் வழி எதுவும் இதற்கு இன்றுவரை அறியப்படவில்லை.

எண்களை நோக்கினால் இதன் கடுமை விளங்கும். ஒவ்வொரு பொதியும் உண்டு அல்லது இல்லை என இரு நிலை பெறும். 10 பொதிகளாயின் 1,024 சேர்க்கைகள். 20 பொதிகளாயின் பத்து இலட்சத்துக்கு மேல். 30 பொதிகளாயின் நூறு கோடிக்கு மேல். பல்லாயிரம் பொதிகளை உடைய களஞ்சியத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் எக்கணினிக்கும் இயலாது. பழைய கருவிகள் அனுபவத்தாற் பெற்ற சில உத்திகளைக் கொண்டு ஊகித்தே விடை கண்டன. விடை இருந்தும் அதனைக் காணாது கைவிரித்த வேளைகளும் உண்டு. பாவனையாளர் நெடுநாள் மனங்கசந்து கூறிவந்த முறைப்பாட்டில் கணித உண்மை ஒன்று ஒளிந்திருந்தது என்பது இவ்வாய்வால் வெளிப்பட்டது. இயற்கையில் எழும் பொதித் தொடர்புகள் மிகக் கடிய வடிவிற் பெரும்பாலும் அமைவதில்லை என்பதும் உடன் தெரியவந்தது. தருக்கச் சிக்கல்களைத் தீர்ப்பதற்கென எழுந்த தீர்விகள் அவற்றை நொடிப்பொழுதில் முடித்தன.

இவ்வறிவை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் ஜேர்மனியின் சூசே வழங்கலார். 2006 இல் வெளிவந்த அவர்களின் 10.1 பதிப்பிற் பொதி நிறுவும் கருவி மந்தமாகவும் குழப்பமாகவும் இருந்தமையாற் பெருங் கண்டனத்துக்கு ஆளாயிற்று. அவ்வடு ஆறாதிருக்கவே, மைக்கல் ஷ்ரோடர் என்னும் பொறியியலாளர் தருக்கத் தீர்வியை அடிப்படையாகக் கொண்ட புதிய நிரலகமொன்றை ஆக்கினார். 2008 யூன் மாதத்து 11.0 பதிப்பில் அது வெளிவந்தது. பின்னர் பெடோரா வழங்கலார் யம் கருவிக்குப் பதிலாக டிஎன்எவ் என்பதை ஆக்கியபோது, போட்டி வழங்கலின் அந்நிரலகத்தையே தயங்காது எடுத்துக்கொண்டனர். 2015 இல் வெளிவந்த பெடோரா 22 இல் அது முதன்மைக் கருவியாயிற்று. மதிலைக் கடக்கப் பொதிகளால் இயலவில்லை. பொதிகளைக் கணிக்கும் அறிவு எளிதிற் கடந்து சென்றது.

வேறு சிலர் மதிலையே பொருட்படுத்தாத வழியை நாடினர். 2016 இல் பெயர் பெற்ற பிளற்பக், அதே ஆண்டு உபுண்டு வழங்கலார் பரப்பத் தொடங்கிய ஸ்னப் ஆகியன, நிரலோடு அதற்கு வேண்டிய நிரலகங்களையும் சேர்த்துக் கட்டித் தருகின்றன. அல்லது வழங்கலைச் சாராத ஒரு பொது அடித்தளத்தின் மேல் அதனை நிறுத்துகின்றன. எவ்வழங்கலிலும் ஒரே பொதி இயங்கும். கட்டுச்சோற்றோடு பயணம் போவோர் வழியிலுள்ள கடைகளைத் தேடவேண்டியதில்லை அன்றோ? ஆனால் மூட்டையின் பாரம் பெரிது. 2014 ஏப்ரல் மாதத்தில், இணைய இரகசியங்களைக் காக்கும் ஓப்பின்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘இதயக்கசிவு’ எனப் பெயரிடப்பட்ட பெருங்குறை வெளிப்பட்டபோது, வழங்கல்கள் அவ்வொரு பொதியைத் திருத்தி வெளியிட்டன. அதனைச் சார்ந்த நிரல்கள் யாவும் ஒருங்கே காப்புப் பெற்றன. ஒவ்வொரு நிரலும் தன் படியைத் தன் மூட்டையிற் சுமந்திருப்பின், ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே அவிழ்த்துத் திருத்தவேண்டும். அவிழ்க்க மறந்த மூட்டையில் குறை அப்படியே கிடக்கும். சார்புகளை ஓரிடத்தில் வைத்துப் பேணும் பழைய முறையைப் பராமரிப்பாளர் பலர் விடாப்பிடியாகக் காப்பதற்குக் காரணம் பழமைப்பற்று மாத்திரமன்று.

2023 யூன் மாதத்தில் வெளிவந்த டெபியன் 12 ஆம் பதிப்பில் 64,419 பொதிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பட்டயத்திலும் உறவையும் பகையையும் யாரோ ஒருவர் இருந்து எழுதித் திருத்தியிருக்கின்றார். ஸ்லக்வெயாரோ, பற்றிக் வோல்கேடிங்கின் மேற்பார்வையிலேயே 2022 பெப்ரவரி மாதத்தில் தன் 15.0 பதிப்பை வெளியிட்டது. அதன் பொதிக் கருவி 1993 இற் போலவே சார்பு எதனையும் கேட்பதில்லை.